உயரத்துக்கு ஏற்ற குழி

1

சென்ற நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் தாரிணி சாப்பாட்டு மேஜைமேல் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரித்து நான்கு கட்டம் போட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பூகோளப் பாடத்துக்கு அவள் செய்யவேண்டிய வேலை. நான்கு பெருநகரங்களை எடுத்துக்கொண்டு, வானத்துக்கு எதிரே அவற்றின் கட்டடங்கள் எப்படித் தெரிகின்றன, எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம் என்று ஒப்பிட வேண்டும். அதில் ஒன்று பெற்றோர் பிறந்த ஊராக இருக்கவேண்டும் என்பது ஆசிரியையின் நிபந்தனை. ஹாங்காங், துபாய், டொராண்டோ மூன்றும் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிட்டன. நான்காவது கட்டத்தில் சென்னை என்று தலைப்பு மட்டும் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சென்னைக்கு ஸ்கைலைனே இல்லப்பா," என்றாள். "நூத்தம்பது மீட்டருக்கு மேலன்னு தேடினா கொஞ்சம்தான் வருது. நீங்க அங்கதானே முதல்ல லிஃப்ட் வேலை பார்த்தீங்க. நீங்க வேலை பார்த்ததுல எது ரொம்ப உயரம்?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "நாலு மாடி."

அவள் சிரித்தாள். "நாலு மாடிக்கு எதுக்கு லிஃப்ட்?"

தி.நகரில் ஆடி மாதம் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மேஜையின் மறுகோடியில் என்னுடைய காகிதம் ஒன்று கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற நான் பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். ஆறு பக்கம். ஐந்தாவது பக்கத்தில் ஒரு கேள்வி: வேலையிடத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்து எதிலாவது, எந்த நாட்டிலாவது, நீங்கள் சம்பந்தப்பட்டது உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு சிறு கட்டங்கள்.

இதே போன்ற கேள்விக்கு இதற்கு முன் இரண்டு முறை, இரண்டு தேசங்களில், 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன். அன்று காகிதத்தை மடித்துத் தட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

2

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே லிஃப்ட், இங்கே டொராண்டோவில் எலிவேட்டர். பதினோரு வருடம் ஆகியும் வாய் தவறி லிஃப்ட் என்று சொல்லிவிட்டால், கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ மூட்டையைத் தூக்குவதுபோல நடித்துக் காட்டுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் சிரித்துவிடுவேன்.

நகரங்களைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டடங்கள் தெரியும். எனக்குத் தெரிவது அவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் செங்குத்தான இருட்டு. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இடத்தை ஷாஃப்ட் என்போம். உச்சியில் மோட்டார் அறை, அடியில் ஒரு குழி. துபாயில் ஐந்து வருடம் அறுபது மாடி, எழுபது மாடி என்று வேலை பார்த்தேன். அங்கே கட்டடங்கள் உயரம், ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல ஒதுங்கி நிற்கும். டொராண்டோவில் ஏரிக்கரையோரம் ஒரு பெரும் கூட்டம், பிறகு ரயில் நிலையங்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக. ஹாங்காங்குக்கு நான் போனதில்லை. தாரிணி ஒட்டியிருந்த படத்தில் பார்த்தால் பாக்கெட்டில் அடைத்த ஊதுவத்தி போல இருந்தது.

ஆனால் நெருக்கம் என்பதைக் கட்டடங்களை எண்ணி மட்டும் சொல்லிவிட முடியாது. தரைத்தளத்தில் லிஃப்டுக்காக எத்தனை பேர் நிற்கிறார்கள், கதவு திறந்ததும் எத்தனை பேர் உள்ளே பாய்கிறார்கள் என்பதுதான் எங்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தி.நகரின் நான்கு மாடி லிஃப்டுக்கு முன்னால் இங்குள்ள ஐம்பது மாடி லிஃப்ட் ஓய்வூதியக்காரர்.

இன்னொன்றும் உண்டு. லிஃப்ட் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு உயரம் போகிறதோ, அதற்கு ஏற்ற ஆழம் குழிக்கு வேண்டும். அறுபது மாடிக் கட்டடத்தின் குழிக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினாலும் மேலே இடம் இருக்கும். தப்பிக்க மூலை இருக்கும். நான்கு மாடிக் கடையில் குழி இடுப்பளவுதான்.

இங்கே குளிர்காலத்தில் ஷாஃப்ட் ஊளையிடும். வெளியே உறைபனி, உள்ளே சூடு. காற்று அடியிலிருந்து உச்சிக்கு ஏறும்போது கதவு இடுக்குகளில் ஓசை எழும். கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீள ஊளை. கூட இருப்பவர்கள் அதைக் கவனிப்பதேயில்லை. நான் குழிக்குள் நிற்கும்போது அது 'போ' என்று தொடங்குவதுபோலக் கேட்கும். அதன் மிச்சத்துக்காகச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். மிச்சம் வந்ததில்லை.

3

தேவராஜ் அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவர். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். கே.கே. நகரிலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு போய் நின்ற என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். தி.நகர், மயிலாப்பூர், நந்தனம் பக்கமுள்ள கடைகளும் அலுவலகங்களும் எங்கள் இருவர் பொறுப்பு. அவருடைய பழைய டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் கருவிப் பையோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

மோட்டார் அறை எப்போதும் மொட்டை மாடியில்தான் இருக்கும். அதனால் மதியச் சாப்பாடும் அங்கேதான். தூக்குச் சட்டியைத் திறந்தபடி அவர் எனக்கு ஊரைக் காட்டுவார். மற்றவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிகளும் செல்போன் கோபுரங்களும் விளம்பரப் பலகைகளுமாகத் தெரிகிற அந்த விளிம்பு முழுவதும் அவருக்கு அத்துப்படி.

"அதோ தெரியுது பாரு, பச்ச தொட்டி. அத்த தொட்டா ஷாக் அடிக்கும், எர்த் கெடையாது. அதுக்குப் பக்கத்துல மஞ்ச பில்டிங்கு, கதவு சாத்தாது. அந்தாண்ட மவுண்ட் ரோட்ல நிக்கிறாரே பதினாலு மாடி, அவருதாண்டா தாத்தா. மத்ததெல்லாம் பேரப் புள்ளைங்கோ."

"உங்க வீடு எங்கண்ணே தெரியுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம வூடா? அது மாடில இருந்து பாத்தா தெரியாது நைனா. கிரவுண்டு ஃப்ளோரு. அதுக்குக் கீழ ஆறு."

அவர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அண்ணி கஸ்தூரி மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்துவிட்டு மதியம் திரும்பி மீன் குழம்பு வைப்பார். ஆறு வயது சங்கீதா என் சட்டைப் பையில் டெஸ்டரைத் தேடுவாள், அதன் விளக்கு எரிவதைப் பார்க்க. ஆற்று நாற்றம் முதல் ஐந்து நிமிடம்தான். பிறகு தெரியாது.

4

அந்த வருட ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம் தேவராஜ் அண்ணன் இரண்டு நாள் விடுப்பில் இருந்தார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை, நான்கு மாடி. லிஃப்ட் நடுவில் நடுவில் நின்றுபோகிறது என்று மேலாளர் கத்தினார். நான் தனியாகப் போனேன்.

குழிக்குள் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும், காளான் தலை போல. குழியில் இறங்குகிறவர் முதலில் அதைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தினால் உள்ளே அமுங்கி நிற்கும். அதை வெளியே இழுத்துவிடும்வரை யார் என்ன செய்தாலும் லிஃப்ட் நகராது. மழைத் தண்ணீர் கசிந்து அந்தச் சுவிட்சுக்குள் ஈரம் போயிருந்தது. அதனால்தான் லிஃப்ட் தானாக நின்றது. புதிய சுவிட்ச் கையில் இல்லை. மேலே பட்டுப்புடவைப் பிரிவில் கூட்டம் நின்றது. நான் விரல் நீளச் சிவப்பு ஒயர் ஒன்றை எடுத்து அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டினேன். லிஃப்ட் ஓடியது. அன்றிலிருந்து அந்தச் சிவப்புச் சுவிட்சை அழுத்தினாலும் ஒன்றுதான், அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான்.

அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால் திட்டுவார் என்று சொல்லாமல் இருந்தேன். புதிய சுவிட்ச் வந்ததும் மாற்றிவிட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு மறுபடியும் அழைப்பு. ஒரு அம்மாவின் கைப்பேசி கதவு இடுக்கு வழியாகக் குழிக்குள் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் போனோம். நான் மொட்டை மாடிக்கு ஏறி மெயின் சுவிட்சை அணைத்தேன். அவர் கீழே கதவைத் திறந்து குழிக்குள் இறங்கினார். படியேறும்போது எனக்கு ஒயர் நினைவு வந்தது. மெயினைத்தான் அணைக்கப்போகிறேனே என்று விட்டுவிட்டேன்.

ஷாஃப்டுக்குள் போன் எடுக்காது. வாயால் கத்துவதுதான் வழக்கம். தரைத்தளத்தில் ஒலிபெருக்கி தள்ளுபடியை அறிவித்துக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் கீழிருந்து அவர் குரல் வந்தது. "பாலு... போடு." நான் மெயினைப் போட்டேன்.

கூட்டம் எட்டிப் பார்க்கிறது என்று கடை ஊழியர் ஒருவர் கீழ்க்கதவைச் சாத்தியிருந்தார். அது திறந்திருந்தால் லிஃப்ட் நகர்ந்திருக்காது. யாரோ பொத்தானை அழுத்தியிருந்தார்கள். லிஃப்ட் முதல் மாடியிலிருந்து கீழே இறங்கியது.

பிற்பாடு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கடைக்காரர்கள் பட்டுப்புடவை சுற்றும் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். எல்லோரும் வாசல் பக்கம் ஆம்புலன்ஸுக்கு வழி செய்யப் போன நேரத்தில் நான் குழிக்குள் இறங்கினேன். சிவப்புச் சுவிட்ச் உள்ளே அமுங்கியிருந்தது. அவர் அழுத்தியிருக்கிறார். முதல் வேலையாக அழுத்தியிருக்கிறார். நான் ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுவிட்சை வெளியே இழுத்துவிட்டேன்.

5

கம்பெனி மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். சுவிட்ச் வெளியே இருந்தது. "அழுத்தலையேப்பா இந்தாளு," என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. காவல் நிலையத்தில், தேவராஜ் 'போடு' என்று சொன்னதைக் கேட்டுத்தான் மெயினைப் போட்டேன், குழிச் சுவிட்ச் அழுத்தப்படவில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டேன். அவருடைய கவனக்குறைவு என்று முடிந்தது. பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அடுத்த மார்ச்சில் துபாய். துபாயிலிருந்து இங்கே.

அவர் சொன்னது 'போடு'தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. 'போடாத' என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தில் 'வேண்டாம்' என்பது முன்னாலேயே வந்துவிடுகிறது. கேட்கிற ஆள் அந்த இடத்திலேயே கையை இழுத்துக்கொள்ளலாம். நம் பேச்சில் அது சொல்லின் வாலில் தொங்குகிறது. ஒலிபெருக்கி வாலை விழுங்கிவிட்டதா, அல்லது என் அவசரம் விழுங்கிவிட்டதா? பதினாறு வருடத்தில் அந்தக் குரலை நான் எத்தனையோ முறை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது எனக்கு எது தேவையோ அப்படிக் கேட்கிறது.

இங்கே என்னோடு வேலை செய்பவர்களிடம் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லச் சொல்வேன். குழியில் இறங்கும் முன் சுவிட்சை மூன்று முறை அழுத்தி இழுத்துப் பார்ப்பேன். ரொம்பப் பத்திரமான ஆள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னதே அதனால்தான்.

6

டிசம்பர் விடுமுறையில் உறவில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனோம். அட்டையின் நான்காவது கட்டத்துக்குப் படம் எடுக்கப்போவதாகத் தாரிணி சொன்னாள். கே.கே. நகரில் என் தம்பி வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்தாள், பிடிக்கவில்லை. மயிலாப்பூர் குளத்தின் இந்தக் கரையிலிருந்து கோபுரத்தை எடுத்தாள். "இது அழகா இருக்கு, ஆனா இது ஒரே ஒரு பில்டிங்," என்றாள்.

ஊருக்கு வெளியே நிறைய அடுக்குமாடிகள் இருக்கின்றன, ஒருநாள் போகலாம் என்றேன். ஆற்றங்கரைக்காரர்களை அங்கேதான் குடியேற்றியிருந்தார்கள். கஸ்தூரி அண்ணியின் விலாசத்தை முந்தின நாளே அடையாறில் விசாரித்து வாங்கியிருந்தேன். மகளுக்குப் படம் எடுக்கத்தான் போகிறோம் என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் தாரிணி அப்படியே நின்றாள். எட்டு மாடி, எட்டு மாடி, எட்டு மாடி. வரிசைக்குப் பின்னால் வரிசை. இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குக் கையை நீட்டிக் காய்ந்த துணியை எடுத்துவிடலாம் போல இருந்தது.

"அப்பா, இது ஹாங்காங் மாதிரி இருக்கு," என்றாள். "ஆனா எல்லாமே ஒரே உயரம். ஏன் இது எந்த லிஸ்ட்லயும் இல்ல?"

"உயரம் போதாது," என்றேன்.

லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடிக்குப் படியேறினோம். கதவு திறந்தே இருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"யாரு?"

"பாலு, அண்ணி. அண்ணன்கூட வேலை செஞ்ச பாலு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாலுவா... இன்னாப்பா, இப்பதான் வழி தெரிஞ்சிதா? வா, உள்ள வா. இது ஒம் பொண்ணா? படியேறியா வந்தீங்க, பாவம் புள்ள மூச்சு வாங்குது. லிஃப்ட் ரெண்டு மாசமா நின்னுக்கினு கீது. நான் கீழ எறங்கியே எத்தினியோ நாளு ஆச்சி. முட்டி புடிச்சிக்குது."

தண்ணீர் கொடுத்தார். சங்கீதா அடையாறில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், பேருந்தில் போகவர நேரம் சரியாக இருக்கிறது என்றார். சுவரில் அண்ணன் படம் இல்லை. நான் தேடுவதை அவர் பார்த்துவிட்டார்.

"அவன் படமா? பொட்டிக்குள்ள கீது. அவன் இருந்திருந்தா இந்த லிஃப்ட அரை அவர்ல ஓட வுட்டிருப்பான். ஊரு லிஃப்ட்ட எல்லாம் பாத்தான். ஒரு செவப்பு பட்டன அமுக்க மறந்து பூட்டான்."

"மறக்கல அண்ணி," என்றேன்.

"இன்னா?"

"அண்ணன் மறக்கல. அமுக்கினாரு. அது வேலை செய்யாத மாதிரி நான்தான் பண்ணி வெச்சிருந்தேன்."

கீரைக் காம்பு அவர் கையிலேயே நின்றது. நான் சொன்னேன். ஒயரைச் சொன்னேன், அவரிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன், குழிக்குள் இறங்கி ஒயரைப் பிடுங்கியதையும் சுவிட்சை வெளியே இழுத்ததையும் காவல் நிலையத்துக் கையெழுத்தையும் சொன்னேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"அப்ப அவன் அமுக்கிக்கீறான்."

"ஆமா அண்ணி."

"நெசமா நீ பாத்த?"

"பட்டன் உள்ள போயிருந்திச்சு. என் கண்ணால பார்த்தேன்."

அவர் குரல் உயரவில்லை. "அவன நான் திட்டாத நாளு இல்ல. சின்னப் புள்ளய வெச்சிக்கினு கீறவன் இப்டியா கவனம் கெட்டு வேல செய்வான்னு. எம் பொண்ணுகிட்டயும் அதான் சொன்னேன். உங்கப்பனுக்கு நம்ம மேல நெனப்பு இல்லடின்னு. ஒரு ஆடிக்குக்கூட அவனுக்குப் படைக்கல நானு. படத்தப் பாத்தா ஆத்திரமா வரும். பொட்டில போட்டேன்."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "அதெல்லாம் வோணாம்," என்று காலை இழுத்துக்கொண்டார். பிறகு தாரிணியைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சிதா?"

"பாதி," என்றாள் தாரிணி.

"முழுசா சொல்லு. அதுக்குப் புரியற பாஷைல சொல்லு. என் எதுர்லயே சொல்லு."

சொன்னேன். தமிழில் சொன்னபோது 'அப்படி ஆகிப்போச்சு' என்று இரண்டு இடத்தில் நழுவியிருந்தேன். ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. நான் கட்டினேன், நான் மறைத்தேன், நான் பொய் சொன்னேன் என்றுதான் சொல்ல வந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தாரிணி என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கீரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்க பொண்ணுக்கு அப்போ என்ன வயசு?" என்று தமிழில் கேட்டாள்.

"ஆறு."

அவள் எழுந்து வெளியே நடைபாதையில் போய் நின்றாள்.

"எழுதிக் குடு," என்றார் அண்ணி. "எனக்குப் படிக்கத் தெரியாது. சங்கீதா வந்து படிக்கட்டும்."

சங்கீதாவின் பழைய நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் எழுதினேன். பெயர், டொராண்டோ விலாசம், போன் நம்பர், பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். அதை வைத்து அவர்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம் என்றும் எழுதினேன். அண்ணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"போ," என்றார். "அவ வர்றதுக்குள்ள போ. இன்னிக்கி அவ ஒன்னப் பாக்க வோணாம்."

ஏழு மாடி இறங்கும்வரை தாரிணி எனக்கு இரண்டு படி முன்னாலேயே போனாள். கீழே வந்ததும் படம் எதுவும் எடுக்கவில்லை. ஆட்டோவில் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

7

திரும்பி வந்த பிறகு விண்ணப்பத்தை எடுத்து 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டு, ஒரு பக்க விளக்கத்தையும் இணைத்தேன். இரண்டு முறை விசாரணைக்கு அழைத்தார்கள். முன்பு 'இல்லை' என்று எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பரிசோதகர் வேலை இல்லையென்று ஆயிற்று. இருக்கிற உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். இப்போது ஒரு கிடங்கில் உதிரிப் பாகங்கள் எடுத்துக் கொடுக்கிறேன். என் மனைவி சுமதி முதல் இரண்டு வாரம் அழுதாள். பிறகு, "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

தாரிணி அட்டையைப் பள்ளியில் கொடுத்துவிட்டாள். நான்காவது கட்டத்தில் என்ன வைத்தாள் என்று எனக்குக் காட்டவில்லை, நான் கேட்கவில்லை. பிப்ரவரிவரை என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினாள், அதுவும் தேவைக்கு. ஒருநாள் காலை என் மதிய உணவு டப்பாவை மூடிக் கையில் கொடுத்து, "பார்த்துப் போங்கப்பா," என்றாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கீதாவிடமிருந்து அழைப்பு வந்தது. நோட்டிலிருந்து போன் நம்பரை எடுத்திருக்கிறாள். திட்டப்போகிறாள் என்று உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா உங்ககிட்ட பேசாது," என்றாள். "நானும் உங்கள மன்னிக்கல. அத மொதல்ல சொல்லிடறேன்."

"சரிம்மா."

"வக்கீல் ஒருத்தர பாத்தோம். அந்த கம்பெனி மூடி எத்தினியோ வருசம் ஆவுதாம். கேஸ்ல அப்பா மேல எழுதின தப்ப மாத்தி எழுத வைக்கலாமான்னு பாக்கறாரு. அதுக்கு நீங்க வர வேண்டி இருக்கும்."

"எப்ப கூப்பிட்டாலும் வரேன்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "அப்பா வேலை செய்யறப்ப இன்னா பேசுவாரு?" என்று கேட்டாள். "எனக்கு அவரு மூஞ்சி ஞாபகம் கீது. பேச்சு ஞாபகம் இல்ல. அம்மாகிட்ட கேட்டா, கோவத்துல எல்லாத்தையும் மறந்துட்டேன்னுது."

அன்று முக்கால் மணி நேரம் பேசினேன். அதன் பிறகு பெரும்பாலான ஞாயிறுகளில் கூப்பிடுகிறாள். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. எந்தக் கடையில் டீ குடிப்பார், பீடியா சிகரெட்டா, கோபம் வந்தால் என்ன செய்வார். அவள் கேட்பதையெல்லாம் சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சமிருக்கிறேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை நாங்கள் பேசுவதில்லை. இந்த ஆடியில் முதல்முறையாக அவருக்குப் படைத்ததாகச் சொன்னாள். படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார்களாம். வஞ்சிர மீன் வைத்தார்களாம்.

போன ஞாயிறு கேட்டாள். "அவ்ளோ மாடி ஏறி வேலை செஞ்சாரே, அவருக்கு ஒசரம்னா பயமே இல்லியா?"

நான் இருபத்திரண்டாவது மாடியில், எங்கள் வீட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் ஏரிக்கரைக் கோபுரங்கள் வெயிலில் நின்றன. நினைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரொம்பப் பயம்மா. மொட்டை மாடியில கைப்பிடிச் சுவர்கிட்ட வரவே மாட்டாரு. மோட்டார் ரூம் செவுத்துல முதுகை ஒட்டிக்கிட்டுத்தான் சாப்பிடுவாரு. கீழ எட்டிப் பார்த்துச் சொல்லணும்னா என்னைத்தான் அனுப்புவாரு. வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதடான்னு சத்தியம் வாங்கியிருந்தாரு."

"நானும் அப்டித்தான்," என்றாள் சங்கீதா. "இங்க வந்ததுலேந்து பால்கனிக்குத் துணி காயப்போட போவமாட்டேன். காலு கூசும். அம்மா திட்டும். யாருக்கும் இல்லாத பயம் உனக்கு மட்டும் எங்கேந்துடி வந்துச்சின்னு."

பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்பக்கம் திரும்பி, அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள்.